நிக்கல் பங்கு வாங்கப்போகும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகன்,

நீங்கள் அனுப்பிய குரல்பதிவைத் திரும்பவும் போட்டுக் கேட்டேன். மேற்கு அவுஸ்திரேலியாவில் நிக்கல் தேடுகிற அந்தக் கம்பனியின் பங்கு இரண்டு சதத்துக்கு இறங்கிவிட்டது, இனி இதற்குக் கீழே போக இடமில்லை, ஆரையம்பதி வளவுக்கு மதில் கட்ட வைத்த காசில் கொஞ்சத்தை அதில் போடட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாமாவிடம் கேட்டுவிட்டுச் செய் என்று அக்காவும் சொன்னாவாம். பதிலை எல்லோரும் வாசிக்கிற மாதிரியே எழுதுகிறேன். மட்டக்களப்பிலிருந்தும் கல்முனையிலிருந்தும் போய் அங்கே உழைக்கிற பிள்ளைகள் வேறு சிலரும் என்னிடம் இதையே கேட்கிறார்கள்.

முதலில் அந்த இரண்டு சதத்தைப் பார்ப்போம். இரண்டு சதம் ஒரு சதமானால் போட்ட காசில் பாதி போய்விடும். இருபது டொலர்ப் பங்கு பத்து டொலராவதற்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. ஒரு சதத்துக்குக் கீழேயும் விலை இருக்கிறது. பத்தில் ஒரு சதத்துக்குக்கூடப் பங்கு கைமாறுகிறது. அதற்குப் பிறகு இருபது பங்கை ஒன்றாகச் சேர்த்து விலையைப் பெரிதாகக் காட்டுவார்கள், மீண்டும் இறங்கத் தொடங்கும். விலைப் பலகையில் தெரிகிற எண்ணை வைத்து ஒரு பங்கு மலிவா இல்லையா என்று சொல்லவே முடியாது.

நான் பேர்த்தில் கணக்கு வேலை பார்த்த கடைசிக் காலத்தில், 2021 தொடக்கத்தில், இதே மாதிரியான ஒரு சின்னக் கம்பனியின் பங்கை வாங்கினேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். வாங்கியதற்கு நியாயமான காரணம் இருந்தது. மின்சாரக் கார்களுக்குப் பற்றரி வேண்டும், நல்ல தூரம் ஓடுகிற பற்றரிக்கு நிக்கல் வேண்டும். 2020 ஜூலையில் டெஸ்லாவின் எலன் மஸ்க், தயவுசெய்து இன்னும் நிக்கல் தோண்டுங்கள், சுற்றாடலைக் கெடுக்காமல் தோண்டுகிறவர்களுக்குப் பெரிய ஒப்பந்தம் தருகிறேன் என்று வெளிப்படையாகவே கேட்டார். மேற்கு அவுஸ்திரேலியாவில் கிடைப்பது சல்பைட்டு என்கிற, கந்தகம் சேர்ந்த தாது. அதிலிருந்து பற்றரிக்கு ஏற்ற சுத்தமான நிக்கலை எடுப்பது ஒப்பீட்டளவில் சுலபம். கல்கூர்லிக்குத் தெற்கே கம்பல்டாவில் 1966இல் கண்டுபிடித்த நாளிலிருந்து அந்தப் பக்கத்து மண்ணுக்கு நிக்கலில் ஒரு பெயர் உண்டு. இந்தோனேசியாவில் இருப்பது லற்றரைட் என்கிற செம்மண் தாது. துருப்பிடிக்காத உருக்குக்குத்தான் அது சரி, பற்றரிக்கு உதவாது என்று அப்போது எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அந்தச் செம்மண் தாதுக்கும் பற்றரிக்கும் நடுவில் ஒரு மதில் இருக்கிறது என்றுதான் சந்தை நம்பியது.

அந்த மதில் 2021 மார்ச்சிலேயே இடிந்தது. சிங்ஷான் என்ற சீனக் கம்பனி, இந்தோனேசியத் தாதுவிலிருந்து வரும் மலிவான நிக்கல் இரும்பை இன்னொரு தரம் உருக்கி, பற்றரிக்காரருக்கு வேண்டிய 'மற்' (matte) என்கிற இடைநிலைப் பொருளாக மாற்றித் தருவோம் என்று ஒப்பந்தம் போட்டது. அந்தச் செய்தி வந்த வாரத்தில் ஒரு தொன் நிக்கல் 18,000 அமெரிக்க டொலருக்கு மேல் இருந்த இடத்திலிருந்து 16,000 டொலர் அளவுக்கு விழுந்தது. இந்தோனேசியா 2020 ஜனவரியிலேயே தாதுவை மண்ணாக ஏற்றுமதி செய்வதைத் தடை செய்திருந்தது. உருக்க வேண்டுமென்றால் எங்கள் நாட்டுக்கு வந்து ஆலை கட்டுங்கள் என்றார்கள். சீன முதலீடு அலை அலையாக வந்து இறங்கியது. இன்றைக்கு உலகத்தில் தோண்டப்படும் நிக்கலில் பாதிக்கு மேல் அந்த ஒரு நாட்டிலிருந்துதான் வருகிறது. இதற்குள் நிக்கலே தேவைப்படாத இரும்புப் பொஸ்பேற் பற்றரிகளும் சீனக் கார்களில் பெருகிவிட்டன.

இதையெல்லாம் மறைத்து வைத்த ஒன்று 2022 மார்ச்சில் நடந்தது. உக்ரேன் யுத்தம் தொடங்கியிருந்த நேரம். இலண்டன் உலோகச் சந்தையில் மார்ச் 8ஆம் திகதி நிக்கல் விலை சில மணி நேரத்துக்குள் தொன்னுக்கு 100,000 டொலரைத் தாண்டியது. அதே சிங்ஷான், விலை இறங்கும், பிறகு மலிவாகத் திருப்பி வாங்கலாம் என்று கணித்துப் பெரிய அளவில் முன்கூட்டியே விற்றிருந்தது. அவர்கள் அவசரமாகத் திருப்பி வாங்க வேண்டிவந்ததில்தான் விலை அப்படிப் பறந்தது. சந்தையை மூடினார்கள்; அன்றைக்கு நடந்த வியாபாரங்களையே செல்லாது என்று அறிவித்தார்கள். அடுத்த வருடம் மார்ச்சில் அதே சந்தையின் ரொட்டர்டாம் களஞ்சியத்தில் நிக்கல் என்று கணக்கில் இருந்த 54 தொன் பைகளுக்குள் கல் இருந்தது தெரியவந்தது. உலகத்துக்கே விலை சொல்கிற இடத்தில் நடந்த கதை இது.

நான் வைத்திருந்த பங்கும் 2022 மார்ச்சில் நன்றாக ஏறியது. ஏறியதும் கம்பனி சந்தையில் தன் பங்கு கைமாறுவதைத் தற்காலிகமாக நிறுத்திவைத்துக் காசு திரட்டியது. இதைத்தான் நீங்கள் நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும், மருமகன்.

நிக்கல் தேடுகிற கம்பனிக்கு வருமானம் கிடையாது. விற்க ஒரு கிலோ நிக்கலும் இல்லை. துளை போடுகிறவர்கள், ஹெலிகொப்டர், ஆய்வுகூடம், பேர்த்தில் அலுவலகம், பணிப்பாளர் சம்பளம் எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். வங்கி கொடுக்காது. அதனால் புதுப் பங்கு அச்சடித்து விற்பார்கள், அதுவும் சந்தை விலையைவிடக் குறைத்து. அவுஸ்திரேலியப் பங்குச்சந்தை விதிப்படி, பன்னிரண்டு மாதத்துக்குள் இருக்கிற பங்குகளில் 15 வீதம் வரை பங்குதாரரைக் கேட்காமலே புதிதாக வழங்கலாம். சின்னக் கம்பனிகள் வருடாந்தக் கூட்டத்தில் அனுமதி எடுத்தால் இன்னும் 10 வீதம். அந்த மலிவு விலைப் பங்கு யாருக்குப் போகும்? 2.5 மில்லியன் டொலர் சொத்து, அல்லது வருடம் 250,000 டொலர் வருமானம் உள்ளவர்களைச் சட்டம் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. பெரும்பாலும் அவர்களுக்கும் நிதி நிறுவனங்களுக்கும்தான். நீங்களும் நானும் மறுநாள் காலையில் செய்தியாக வாசிப்போம்.

கல்லடிக் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். வலை கரையேறி மீன் விற்ற பிறகு சம்மாட்டிக்கு அவருடைய பங்கு, கயிறு பிடித்தவர்களுக்கு அவர்களுடைய பங்கு. வலை இன்னும் கடலிலேயே கிடக்க, புது ஆட்கள் வந்து வந்து கயிற்றில் நின்றால் விடியற்காலையில் வந்து முதல் பிடித்தவனுக்கு என்ன மிஞ்சும்? நான் வாங்கியபோது அந்தக் கம்பனியில் 400 மில்லியன் பங்குகள் இருந்தன. இப்போது 2,000 மில்லியனுக்கு மேல். என்னிடமிருந்து ஒரு பங்கையும் யாரும் எடுக்கவில்லை. ஆனால் அந்த நிலத்தில் எனக்கு இருந்த உரித்து ஐந்தில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. நாளைக்கு அங்கே நல்ல தாது அகப்பட்டாலும் எனக்கு வருவது அந்த ஐந்தில் ஒன்றுதான்.

அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லமாட்டேன். துளை முடிவுகள் உண்மை, படங்கள் உண்மை, கையொப்பமிட்ட புவியியலாளரும் தகுதியானவர். தாதுவளம் என்று அறிவித்த தொகையும் விதிப்படிதான். ஆனால் ஊகிக்கப்பட்ட வளம் என்று ஒரு வகை இருக்கிறது. குறைந்த துளைகளை வைத்துக் கணக்கிட்டது. அதை அப்படியே தோண்டக்கூடிய இருப்பு என்று கணக்கில் ஏற்ற அந்த நாட்டு விதி விடாது. தலைப்பில் பெரிய எழுத்தில் வருவது மொத்தத் தொகை. அதில் எவ்வளவு ஊகிக்கப்பட்டது என்பது உள்ளே ஓர் அட்டவணையில் இருக்கும். நான் கணக்கு வேலை பார்த்தவன் என்பதால் அட்டவணையை முதலில் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. நீங்களும் அதைப் பழகிக்கொள்ளுங்கள்.

பிறகு நான் ஊருக்குத் திரும்பிவந்தேன். வந்ததும் பங்குப் பதிவாளரிடம் முகவரியைக் கல்லடிக்கு மாற்றினேன், ஒளிக்க ஒன்றுமில்லைதானே. சிட்னியில் காலை பத்து மணிக்குச் சந்தை திறக்கும்போது இங்கே ஐந்தரை. அங்கே கோடை காலமென்றால் நாலரை. ஒரு விடியற்காலை அறிவிப்பு வந்தது: எல்லாப் பங்குதாரருக்கும் நாலு பங்குக்கு ஒரு புதுப் பங்கு, குறைந்த விலையில். இந்த முறையாவது எங்களையும் சேர்த்துக்கொண்டார்களே என்று சந்தோஷத்தோடு கீழே வாசித்தேன். பதிவு செய்த முகவரி அவுஸ்திரேலியாவிலோ நியூசிலாந்திலோ இருப்பவர்களுக்கு மட்டும் என்று இருந்தது. மற்ற நாட்டுச் சட்டங்களுக்கு ஏற்ப ஆவணம் தயாரிக்கச் செலவு அதிகமாம். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் எனக்கு அது இன்றைக்கும் நெஞ்சில் குத்துகிறது. அந்தக் கம்பனி சிரமப்பட்ட நேரத்தில் என் உழைப்புக் காசு அங்கே இருந்தது. மலிவாகக் கொடுக்கிற நேரத்தில் மட்டக்களப்பு முகவரிக்காரனுக்கு இடமில்லை. அந்தப் புதுப் பங்கை வாங்கும் உரிமையை வேறொருவருக்கு விற்கிற வழியும் அந்த வழங்கலில் வைக்கப்படவில்லை. இது அநியாயம் என்று கம்பனிச் செயலாளருக்கு எழுதினேன். மரியாதையாக, விதி இலக்கத்தோடு ஒரு பதில் வந்தது.

அதற்குப் பிறகு நிக்கல் சரிந்தது. 2022இல் சராசரியாக 25,000 டொலரைத் தாண்டி நின்ற விலை 2024இல் 17,000 டொலரை ஒட்டி வந்துவிட்டது. பெரியவர்களே தாங்கவில்லை. ஐஜிஓ கம்பனி 2022இல் 1.26 பில்லியன் அவுஸ்திரேலிய டொலர் கொடுத்து வெஸ்டேர்ன் ஏரியாஸ் என்ற நிக்கல் கம்பனியை வாங்கியது. 2024 ஜனவரியில் அதோடு வந்த கொஸ்மோஸ் சுரங்கத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. கோடீஸ்வரர் அன்ட்ரூ ஃபொரஸ்ற்றின் வைலூ கம்பனி அதே வருடம் கம்பல்டாச் சுரங்கங்களை மூடியது. ஒக்டோபரில் பெரிய சுரங்கக் கம்பனியான பிஎச்பி தன் நிக்கல் பிரிவான நிக்கல் வெஸ்ட்டையே நிறுத்தியது. திரும்பத் திறப்பதா என்று 2027 பெப்ரவரிக்குள் பார்ப்பதாக அப்போது சொன்னார்கள். கட்டிமுடித்த சுரங்கம், ஆலை, ரயில் பாதை எல்லாம் வைத்திருக்கிறவர்களின் நிலை இது என்றால் துளை மட்டும் போட்டு வைத்திருக்கிற கம்பனியின் நிலையை யோசியுங்கள்.

கடைசியாக வந்தது ஒரு கடிதம். உங்கள் பங்குகளின் மொத்தப் பெறுமதி 500 டொலருக்குக் கீழே போய்விட்டது, விற்கவேண்டாம் என்று ஆறு வாரத்துக்குள் படிவம் அனுப்பாவிட்டால் உங்களுக்காக நாங்களே விற்றுக் காசை அனுப்புவோம் என்று எழுதியிருந்தது. இதுவும் விதிக்கு உட்பட்டதுதான். தபால் கல்லடிக்கு வந்து சேர்ந்தபோது ஆறு வாரத்தில் பெரும்பகுதி கழிந்திருந்தது. நான் அன்றைக்கே படிவத்தை நிரப்பி மின்னஞ்சலில் அனுப்பிப் பங்கை வைத்துக்கொண்டேன். விற்பதா வைத்திருப்பதா என்பதை நான்தான் தீர்மானிக்க வேண்டும்.

பேர்த்தில் என்னோடு வேலை செய்த வயதான வெள்ளைக்காரர்கள் பொசைடன் கதையைச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். வியட்நாம் யுத்த காலத்தில் நிக்கலுக்குத் தட்டுப்பாடு. 1969 செப்ரெம்பரில் 80 சதமளவில் இருந்த பொசைடன் பங்கு, மேற்கு அவுஸ்திரேலியாவின் விண்டாராவில் நிக்கல் அகப்பட்டது என்றதும் 1970 பெப்ரவரியில் 280 டொலருக்குப் போனது. நிக்கல் உண்மையாகவே அங்கே இருந்தது. நினைத்ததைவிடத் தரம் குறைவு, செலவு அதிகம். சுரங்கம் வேலை தொடங்க 1974 ஆனது. 1976இல் கம்பனி பங்குச்சந்தையிலேயே இல்லை. நிக்கல் இருக்கிறதா என்ற கேள்விக்கு ஆம் என்று விடை வந்தும், 280 டொலர் கொடுத்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். வாகரையில் இல்மனைற்று என்கிற கனிம மணல் அகழ வந்தபோது எங்கள் சனம் தெருவில் இறங்கி நின்றதை நீங்கள் அறிவீர்கள். இந்தோனேசியாவின் சுலாவெசியிலும் ஹல்மஹேராவிலும் நிக்கலுக்காகக் காடு வெட்டப்பட்டு, செம்மண் கரைந்து கடலுக்குள் இறங்கி, மீன்பிடிக்கிற சனம் தவிக்கிறது. நீங்கள் வாங்க நினைக்கிற கம்பனி அங்கே இல்லை, அது எனக்கு ஆறுதல். எந்தச் சுரங்கப் பங்கு வாங்கினாலும் அது யாருடைய கரையில் இருக்கிறது என்று கேளுங்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மதில் காசைத் தொடவேண்டாம். அது அக்காவின் பாதுகாப்புக்கு வைத்த காசு. உங்கள் சம்பளத்தில் போனாலும் வீடு ஆடாது என்கிற ஒரு தொகை தனியாக இருந்தால், அதிலிருந்து வாங்குவதா இல்லையா என்பதை ஒக்டோபர் முடியும்வரை தள்ளிவையுங்கள். செப்ரெம்பரோடு காலாண்டு முடிகிறது; முடிந்து ஒரு மாதத்துக்குள் கம்பனி காசோட்ட அறிக்கை போட்டாக வேண்டும். அதில் 8ஆம் பகுதியில், கையிலிருக்கிற காசு இன்னும் எத்தனை காலாண்டுக்குப் போதும் என்று ஒரு எண் இருக்கும். இரண்டுக்குக் குறைவு என்றால் அடுத்த காசை எங்கிருந்து எடுப்போம் என்று அவர்களே கீழே எழுதவேண்டும். அதையும், மொத்தப் பங்குகள் எத்தனை என்ற பக்கத்தையும், மூன்று வருடத்துக்கு முந்தைய அதே பக்கத்தையும் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசிக்கொண்டே சேர்ந்து பார்ப்போம்.

அக்காவுக்குச் சொல்லுங்கள், மேசனிடம் கதைத்துவிட்டேன், மழைக்கு முன்பு அத்திவாரம் போட்டுவிடலாம் என்கிறார்.

அன்புடன்,
மாமா
கல்லடி, மட்டக்களப்பு