மாஸ்டர் பிளான்ல அந்த வட்டத்தையும் போடுங்க சார்

சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அதிகாரிகளுக்கு வணக்கம். எண்ணூர் பக்கத்துல இருந்து எழுதுறேன். ஊரு எப்படி வளரணும்னு நீங்க போடுற மாஸ்டர் பிளான் மேப்ல, ஆபத்தான டேங்க், பைப்ப சுத்தி பாதுகாப்பு வட்டம் வரையணும்னு கேக்கத்தான் இது.

2023 டிசம்பர் 26 ராத்திரி. கப்பல்ல வர்ற அமோனியாவ ஃபேக்டரிக்கு கொண்டு போற கடலடி பைப்ல லீக், பெரியகுப்பம் ஜனங்க தூக்கத்துல எழுந்து மூச்சு முட்டி புள்ளைங்கள தூக்கிட்டு ரோட்டுக்கு ஓடுனாங்க, அம்பது பேருக்கு மேல ஆஸ்பத்திரி போனாங்க. கேஸ் வந்தா காத்து அடிக்கிற திசைக்கு குறுக்கால ஓடணுமாம். அன்னைக்கு ராத்திரி அது யாருக்கு தெரியும்?

உங்க மேப்ல தொழிற்சாலைக்கு ஒரு கலர், வீடுங்களுக்கு ஒரு கலர். நடுவுல இருக்குற கோடு கேஸுக்கு தெரியுமா சார்? ஆபத்தான ரசாயனங்களுக்கான 1989 ரூல்ஸ் படி கம்பெனி உள்ளுக்குள்ள ஒரு எமர்ஜென்சி பிளான், வெளிய இருக்குறவங்களுக்கு தனியா ஒரு பிளான், சரி. அதெல்லாம் லீக் ஆனப்புறம் என்ன பண்றதுங்கறதுக்கு. டேங்க்ல இருந்து எத்தனை மீட்டர் தள்ளி ஸ்கூல் கட்டலாம்னு பர்மிஷன் குடுக்கறப்பவே பாக்கணும்ல?

பிரிட்டன்ல பாக்குறாங்க. ஆபத்தான டேங்க், பைப்லைன் ஒவ்வொண்ண சுத்தியும் மூணு வட்டம். உள் வட்டத்துல புதுசா குடியிருப்பு கேட்டா வேணாம்னு பாதுகாப்புத் துறை எழுதிக் குடுக்கும், நடு வட்டத்துல ஸ்கூல், ஆஸ்பத்திரிக்கு அதே பதில். நெதர்லாந்துல கணக்கே இருக்கு, அங்க வீட்ல இருக்குற ஒருத்தர் விபத்துல சாகுற வாய்ப்பு வருஷத்துக்கு பத்து லட்சத்துல ஒண்ணுக்கு மேல போகக் கூடாது.

நம்ம மணலில என்ன நடந்துச்சு? 2020 ஆகஸ்ட்ல லெபனான் நாட்டு பெய்ரூட் துறைமுகத்துல அமோனியம் நைட்ரேட் வெடிச்ச பிறகுதான் இங்கயும் கிட்டத்தட்ட 700 டன் அமோனியம் நைட்ரேட் வருஷக்கணக்கா கன்டெய்னர்ல கிடக்குதுன்னு ஊருக்கே தெரிஞ்சுது, அப்புறம் அவசர அவசரமா ஹைதராபாத்துக்கு ஏத்தி விட்டாங்க. அதனால ஃபேக்டரிய மட்டும் இல்ல, குடோன் யார்டு எல்லாத்தையும் சேத்து கணக்குல எடுங்க.

ஆனா ஒண்ணு, வட்டத்த போட்டுட்டு "நீங்க ஆபத்துல இருக்கீங்க, காலி பண்ணுங்க"ன்னு குப்பத்துக்கு வந்துடாதீங்க. குப்பம் முதல்ல இருந்துச்சு, பைப்பு அப்புறம் வந்துச்சு. வட்டம் வீட்டு மேல விழுந்தா, கம்பெனிய ஸ்டாக்க குறைக்க சொல்லுங்க, பைப்ப மாத்த சொல்லுங்க, வட்டம் சின்னதாகுற வரைக்கும் விடாதீங்க.

2027ல இருந்து 2046 வரைக்கும்னு மூணாவது மாஸ்டர் பிளான் போடுறீங்க, அதுல இந்த மேப்ப தமிழ்ல போடுங்க. கருத்துக் கேட்பு கூட்டத்த எண்ணூர்லயே சாயங்காலமா வைங்க, காலைல எங்காளுங்க மீன் விக்கப் போயிருப்பாங்க.