பழைய மொறிஸ் திருத்தும் மெக்கானிக்மாருக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணத்துக் கராஜ்களில் வேலை செய்யும் அண்ணாமாருக்கும் தம்பிமாருக்கும்,

தொண்ணூறுகளில் பெற்றோல் தடைப்பட்டுக் கிடந்தபோது, ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் மொறிஸ், ஒஸ்ரின் கார்களை ஓடவைத்தவர்கள் நீங்கள். உங்கள் கைத்திறனில் எனக்குச் சந்தேகமே இல்லை. திருத்திய பிறகு இழுவை குறைந்து வரும் காரில் பிழை தேடும் முறையில்தான் எனக்குக் குறை.

என்னுடைய கார் மொறிஸ் மைனர், 1098 சிசி. எஞ்சினின் மேல்மூடிக்கும் உடலுக்கும் இடையில் கசியாமல் அடைக்கும் ஹெட் காஸ்கெற்றை மாற்றக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது ஸ்டார்ட் நல்லம், ஐடிலும் நல்லம். எங்கள் ஊரில் ஏற்றம் என்று ஒன்று இல்லாததால் ரவுனுக்குள் ஓடும்வரை எதுவும் தெரியவில்லை. ஏ9 வீதியில் மிதித்தபோதுதான் 40 மைலுக்கு மேல் போகமாட்டேன் என்றது. கராஜில் முதலில் கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். அப்புறம் புதுப் பிளக். பிறகு பெற்றோல் பம்ப். கடைசியில், "பிஸ்ரன் ரிங் தேஞ்சு போட்டுது, எஞ்சினை இறக்கவேணும்" என்று தீர்ப்பு. சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று அளக்கும் கம்ப்ரெஷன் கேஜை ஒருவரும் கையில் எடுக்கவில்லை.

வேறு கராஜில் வயதான ஒருவர் கேட்டது ஒன்றுதான்: "கடைசியா எதைக் கழட்டினது?" என்னை உள்ளே இருத்தி அக்சிலறேற்றரை முழுக்க மிதிக்கச் சொல்லிவிட்டு, பொனற்றுக்குள் குனிந்து பார்த்தார். என் கால் தரையைத் தொட்டுவிட்டது. கார்பரேட்டரில் காற்றை விடும் திறொட்டில் பாதிதான் திறந்திருந்தது. ஹெட்டுக்காகக் கழற்றிய கேபிளைத் தளர்வாகப் பூட்டியிருக்கிறார்கள். அடுத்தது ரப்பெற், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் இடையில் விடும் இடைவெளி. குளிர்ந்த எஞ்சினில் 0.012 அங்குலம் இருக்கவேண்டிய இடைவெளி, இரண்டு எக்ஸோஸ்ற் வால்வில் இல்லவே இல்லை. சூடேறியதும் அப்படியான வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரெஷன் கசியும். அப்படியே ஓடினால் வால்வு எரிந்துபோகும்.

ரிங்கைக் குற்றம் சொல்ல முன்னர் நாலு சிலிண்டரையும் அளந்து பாருங்கள். குறைவானதில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டுத் திரும்ப அளந்தால், அளவு ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு அல்லது காஸ்கெற். கால்மணி நேர வேலை. எஞ்சின் இறக்க எத்தனை நாள்?

இன்னொன்று, ரைமிங், அதாவது பிளக் தீப்பொறி விடும் நேரம். மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் (தானாகப் பற்றாமல் தாங்கும் அளவு) குறைவு, எஞ்சின் தட்டும். ரைமிங்கைப் பின்தள்ளி வைப்பது அன்றைக்குச் சரி. இன்றைக்கு நாங்கள் அடிப்பது 92 ஒக்ரேன் பெற்றோல். பின்தள்ளிய ரைமிங்கில் எஞ்சின் தட்டாமல் சாதுவாக ஓடும், கேட்கவும் இதமாக இருக்கும். வலுதான் எக்ஸோஸ்ற் வழியே சூடாகப் போய்விடும். காதை மட்டும் நம்பினால் இது பிடிபடாது. சிலர் உடனே, பாதி மிதியில் ரைமிங்கை முன்தள்ளும் வேக்குயூம் குழாயைச் சாட்டுவார்கள். அது கழன்றிருந்தால் அரை மிதியில் மந்தமாக இருக்கும், பெற்றோலும் கூடக் குடிக்கும். முழுக்க மிதித்தால் அங்கே வேக்குயூமே இருக்காதே, பிறகு அதை எப்படிக் குற்றம் சொல்வது?

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். இழுவை இல்லை என்று கார் திரும்பி வந்தால், புதுச் சாமான் வாங்க முன்னர் போன முறை கை வைத்த இடங்களைப் பாருங்கள். வேலை முடிந்ததும் ரப்பெற், தீப்பொறியை விடுவிக்கும் பொயின்ற்றின் இடைவெளி, ரைமிங், நாலு சிலிண்டரின் கம்ப்ரெஷன் இவ்வளவையும் பில்லின் பின்பக்கத்தில் எழுதித் தாருங்கள். அளந்து பார்ப்பதற்குத் தனிக்கூலி கேளுங்கள், நான் தருவேன். தேவையில்லாமல் வாங்கிய பம்பின் விலையோடு பார்த்தால் அது பெரிய காசில்லை.

அன்புடன்,
ஒரு மைனர்க்காரன்