நடைப்போட்டி நடத்தும் மனிதவளத் துறையினருக்கு

அன்புள்ள மனிதவளத் துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஒரு தெருவில் பிசியோதெரபி கிளினிக் நடத்திவருகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் உங்கள் அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்கள். கழுத்து வலி, இடுப்பு வலி என்று வருவார்கள். சில வருடங்களாக வேறொரு வலியோடும் வருகிறார்கள். "ஆபீஸ்ல ஸ்டெப் சேலஞ்ச் மேடம்" என்று சொல்லிக்கொண்டே குதிகாலைக் காட்டுகிறார்கள், முழங்காலைக் காட்டுகிறார்கள். யார் அதிகக் காலடி நடக்கிறார் என்று வாட்சை வைத்து எண்ணி, ஊழியர்களைப் பட்டியலில் வரிசைப்படுத்தும் உங்கள் நடைப்போட்டிதான் அது.

சென்ற ஆண்டு வந்த ஓர் இளைஞருக்கு முப்பத்து நான்கு வயது. அதுவரை நாளுக்கு மூவாயிரம், நான்காயிரம் அடி நடந்தவர், போட்டி தொடங்கிய நாளிலிருந்து மூன்று வாரம் விடாமல் 20,000-க்கு மேல் நடந்திருக்கிறார். பட்டியலில் தனக்கு மேலே இருந்த பெயரைத் தாண்ட வேண்டும் என்று இரவு பதினொன்றரை மணிக்கு மொட்டை மாடியில் சுற்றிச் சுற்றி நடந்தாராம். பாத எலும்பில் நுண்விரிசல். ஆறு வாரம் நடைப்பயிற்சியே கூடாது என்று எலும்பு மருத்துவர் சொல்லிவிட்டார்.

ஊழியர்கள் நடக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பது நல்ல எண்ணம். நாள் முழுக்க நாற்காலியில் இருக்கும் உடம்பு என்ன ஆகிறது என்று தினமும் கையால் தொட்டுப் பார்க்கிறவள் நான். அதனால் போட்டியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கையில் கட்டியிருக்கும் வாட்ச் எதை அளக்கிறது, எதை ஊகிக்கிறது என்று தெரிந்துகொண்டு விதிகளை எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் அடிக் கணக்கு. வாட்சுக்கு உங்கள் கால் தெரியாது. அதற்குள் இருக்கும் முடுக்கமானி என்ற சிறு சில்லு, மணிக்கட்டின் அசைவை மூன்று திசைகளில் பதிவு செய்கிறது. நடக்கும்போது கை முன்னும் பின்னும் ஆடும் தாளம் கிடைத்தால் அதை அடி என்று எண்ணும். சமதரையில் கையை வீசி, ஓரளவு வேகமாக நடப்பவருக்கு இந்தக் கணக்கு நன்றாகவே பொருந்தும். தாளம் மாறினால் தடுமாறும்.

நானே சோதித்துப் பார்த்தேன். மாடியில் வாய்விட்டு எண்ணி ஆயிரம் அடி நடந்தேன். வாட்ச் இருபது முப்பது அடி குறைத்துக் காட்டியது. அதில் எனக்கு வருத்தமே இல்லை. அதே ஆயிரத்தை அக்கா மகளின் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது முந்நூறுக்கு மேல் காணாமல் போனது. கை கைப்பிடியில் இருக்கிறது, ஆடவில்லை, அவ்வளவுதான். அப்புறம் ஒரு நாள் ஸ்கூட்டரில் கிளினிக் வாசலில் இறங்கிப் பார்த்தால், குண்டும் குழியுமான சர்வீஸ் ரோட்டில் குலுங்கியதற்கு நூற்றுச் சொச்சம் அடி சேர்ந்திருந்தது.

இப்போது உங்கள் பட்டியலை எடுத்து வைத்துப் பாருங்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கும் தாய்க்கு அடி குறையும். கைத்தடியோடு நடப்பவருக்கும், மூட்டுவலியால் காலைத் தேய்த்துத் தேய்த்து மெதுவாக நடப்பவருக்கும் குறையும். மெதுவான நடையில் இந்தக் கருவிகள் அடிகளைத் தவறவிடுவது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். சைக்கிளில் வேலைக்கு வருபவருக்கும் ஜிம்மில் எடை தூக்குபவருக்கும் எண்ணிக்கை பெரிதாக ஏறாது. உங்கள் தளத்தைக் கூட்டித் துடைக்கும் அக்காக்கள் காலை ஏழு மணியிலிருந்து நடந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்கள் ஒப்பந்த ஊழியர்கள் என்பதால் பட்டியலில் பெயரே இருக்காது. ஒருவர் வாட்சைக் கையில் கட்டுகிறார், இன்னொருவர் போனை பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறார். இவ்வளவு வேறுபாட்டையும் ஒரே வரிசையில் அடுக்கி, இவர் முதலிடம், இவர் நாற்பதாவது இடம் என்று மின்னஞ்சல் அனுப்புகிறீர்கள். நாற்பதாவது இடத்தில் இருப்பவர் உண்மையில் எவ்வளவு உழைத்தார் என்று அந்த மின்னஞ்சலுக்குத் தெரியாது.

அடுத்தது இதயத் துடிப்பு. வாட்சின் அடியில் பச்சை ஒளி மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டின் சிறு குழாய்களில் ரத்தம் கூடிக் குறைய, திரும்பி வரும் ஒளியும் மாறுகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் துடிப்பைச் சொல்கிறது. உட்கார்ந்திருக்கும்போதும் தூங்கும்போதும் இதை நம்பலாம். உடம்பு அசையும்போது கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட முடிவில், செயல்பாட்டின்போது பிழை ஓய்வின்போது இருந்ததைவிடச் சராசரியாக 30 சதவீதம் கூடியிருந்தது. வார் தளர்ந்திருந்தாலும், மணிக்கட்டு மடங்கினாலும், அந்த இடத்தில் பச்சை குத்தியிருந்தாலும் சிக்கல். சில நேரம் நடையின் தாளத்தையே துடிப்பு என்று எடுத்துக்கொண்டுவிடும். நம்மைப் போன்ற கருத்த தோலில் பிழை கூடுமா என்று பலர் கேட்கிறார்கள். 2017-இல் வந்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு கூடும் என்றது. ட்யூக் ஆய்வில் தோல் நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. துல்லியம் வேண்டியவர்களுக்கு நான் சொல்வது மார்பில் கட்டும் பட்டை. அது ஈசிஜி போல இதயத்தின் மின்துடிப்பையே படிக்கிறது.

இதைவிடப் பெரிய கவலை எனக்கு 'ஸோன்' கணக்கில்தான். 220-இலிருந்து வயதைக் கழித்தால் வருவது அதிகபட்சத் துடிப்பு என்று வைத்துக்கொண்டு, அதில் இத்தனை சதவீதம் வந்தால் இந்த நிறம் என்று பல வாட்சுகள் காட்டுகின்றன. அந்தச் சூத்திரம் ஒரு சராசரி. தனி மனிதருக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு இப்படியோ அப்படியோ இருப்பது சகஜம். என்னிடம் வரும் ஒரு கணக்காளருக்கு ஐம்பத்திரண்டு வயது, இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர், மெட்டோபுரோலால் மாத்திரை சாப்பிடுகிறார். துடிப்பை அடக்கி வைப்பதுதான் அந்த மாத்திரையின் வேலையே. அவர் அலுவலகத்திலோ, ஆரஞ்சு நிறத்தில் இருபது நிமிடம் இருந்தால்தான் அன்றைய புள்ளி. எவ்வளவு வேகமாக நடந்தாலும் நிறம் மாறவில்லை. அதனால் ஓடத் தொடங்கினார். ஒரு நாள் நெஞ்சு இறுக்கிப் பூங்காவிலேயே உட்கார்ந்துவிட்டார். நல்ல வேளை, இதய மருத்துவர் பார்த்துவிட்டுப் பயப்பட ஒன்றுமில்லை என்றார். கேட்ட எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் இதே வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உங்கள் ஒவ்வொரு தளத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது ரொம்ப எளிது: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம்.

கலோரிக்கு வருகிறேன். வாட்ச் கலோரியை அளப்பதே இல்லை. வயது, எடை, உயரம், ஆணா பெண்ணா, துடிப்பு, அசைவு எல்லாவற்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டு ஓர் எண்ணை எடுக்கிறது. உண்மையில் அளக்க வேண்டுமென்றால் முகத்தில் மாஸ்க் மாட்டி, உள்ளே போகும் ஆக்சிஜனையும் வெளியே வரும் கார்பன் டை ஆக்சைடையும் கணக்கிட வேண்டும். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அப்படித்தான் செய்தார்கள். 60 பேர், ஏழு கருவிகள். துடிப்பில் ஏழில் ஆறு கருவிகள் 5 சதவீதப் பிழைக்குள் நின்றன, பாராட்ட வேண்டியதுதான். கலோரியில் மிக நன்றாக இருந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. மிக மோசமானது 93 சதவீதம். அதற்குப் பிறகு கருவிகள் மேம்பட்டிருக்கின்றன, சரி. ஆனாலும் ஊகம் ஊகம்தான். நம் உடம்புக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தியர்கள் ஓய்வில் செலவழிக்கும் ஆற்றல், சர்வதேசச் சூத்திரங்கள் சொல்வதைவிடக் குறைவு என்றே இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் நிபுணர் குழு கணக்கில் எடுத்துக்கொண்டது.

"400 கலோரி எரித்தால் ஒரு புள்ளி" என்ற விதியைப் படிக்கும்போது எனக்கு மனம் கஷ்டப்படுவது இதனால்தான். அந்த 400 உண்மையில் 290-ஆக இருக்கலாம். அதை நம்பி மாலையில் இரண்டு சமோசா கூடச் சாப்பிட்டு, மாதக் கடைசியில் எடை ஏறியிருக்கிறதே என்று தன்னைத்தானே திட்டிக்கொள்ளும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். எடைக் குறைப்புக்கு இந்தக் கருவியே போதும் என்ற நம்பிக்கையும் தவறு. 2016-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வில், 471 இளவயதினர் இரண்டு ஆண்டு உணவுக் கட்டுப்பாட்டிலும் உடற்பயிற்சியிலும் இருந்தார்கள். அணிகருவி, அதாவது உடலில் அணிந்து அசைவை அளக்கும் கருவி, தரப்பட்டவர்கள் சராசரியாக 3.5 கிலோ குறைந்தார்கள். தரப்படாதவர்கள் 5.9 கிலோ.

அப்புறம், நாளுக்கு 10,000 அடி என்ற அந்த இலக்கு. அது எந்த மருத்துவ ஆராய்ச்சியிலிருந்தும் வந்த எண் இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த அடுத்த வருடம், 1965-இல், ஜப்பானிய நிறுவனம் ஒன்று இடுப்பில் மாட்டும் அடிமானியை விற்றது. அதற்கு வைத்த பெயர் 'மான்போகேய்'. பத்தாயிரம் அடி மானி என்று பொருள். பெயர் நின்றுவிட்டது, எண்ணும் நின்றுவிட்டது. 2019-இல் சராசரி வயது 72 கொண்ட 16,741 பெண்களிடம் நடந்த ஆய்வில், நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500-ஐ ஒட்டி அந்தப் பலன் மேலும் கூடாமல் நின்றுவிட்டது. இளையவர்களுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் 3,000-இல் இருப்பவர் 5,000-க்குப் போவதுதான் பெரிய மாற்றம் என்பதைக் கிளினிக்கிலும் கண்கூடாகப் பார்க்கிறேன். உங்கள் போட்டியில் அவருக்குக் கிடைப்பது 'இலக்கை எட்டவில்லை' என்ற சிவப்புக் குறி.

இத்தனையும் சொன்ன நான், என் நோயாளிகளுக்கு வாட்சைக் கழற்றச் சொல்வதில்லை. அடியை எண்ணத் தொடங்கினாலே மனிதர்கள் கூடுதலாக நடக்கிறார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் லான்செட் குழும இதழில் வந்த கட்டுரை, அணிகருவிகளால் நாளுக்கு ஏறத்தாழ 1,800 அடி கூடுவதாகச் சொன்னது. எனக்குத் தெரிந்த ஒரு பெண், வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களில் தான் 2,300 அடிதான் நடக்கிறோம் என்று வாட்சைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். போன் பேசும்போதெல்லாம் எழுந்து நடக்கப் பழகி, இரண்டு மாதத்தில் 4,500-க்கு வந்துவிட்டார். அந்த 2,300 துல்லியமா என்றால், இல்லை. ஆனால் அதே வாட்ச், அதே கை, அதே பெண். பிழையும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால், நேற்றையும் இன்றையும் ஒப்பிட அது உதவுகிறது. ஒருவரை அவரோடு ஒப்பிட இந்தக் கருவி நல்லது. ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட அது உகந்ததல்ல.

அதனால் என் வேண்டுகோள் இதுதான். முதல் இரண்டு வாரம் யாருக்கும் இலக்கு வைக்காதீர்கள், வழக்கம்போல நடக்கட்டும். அதில் வரும் சராசரியிலிருந்து அவரவர் ஐந்நூறு, ஆயிரம் என்று கூட்டிக்கொண்டு போகட்டும். பரிசு அந்த முன்னேற்றத்துக்கு இருக்கட்டும். முடிந்தால் அடியை விட்டுவிட்டு நிமிடத்தைக் கணக்கிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, கூடவே இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. நிமிடத்துக்கு நூறு அடி என்பது பெரும்பாலோருக்கு மிதமான வேகம். எண்ணத் தெரிந்தால் போதும், வாட்ச் வாங்க முடியாத ஊழியரும் சேரலாம். தமிழக அரசு 2023-இல் எல்லா மாவட்டங்களிலும் அறிமுகப்படுத்திய எட்டு கிலோமீட்டர் நடைபாதைகளில் நடக்க யாருக்கும் எந்தக் கருவியும் தேவைப்படுவதில்லை. சைக்கிள், நீச்சல், யோகா, எடைப் பயிற்சி எல்லாவற்றுக்கும் நிமிடம் உண்டு. துப்புரவு, காவல் பணியில் இருக்கும் ஒப்பந்த ஊழியர்களையும் தயவுசெய்து சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெயர்ப் பட்டியலைத் தளத்தின் திரையில் ஓட விடாதீர்கள். தூக்கம், துடிப்பு, மாதவிடாய் வரை இந்த வாட்சுகளில் பதிகிறது. அவை மேலாளரின் கண்ணுக்குப் போகக் கூடாது. ஓட்டப் பயிற்சிச் செயலியான ஸ்ட்ராவா வெளியிட்ட வரைபடத்திலிருந்து ராணுவ முகாம்கள் இருக்கும் இடமே தெரிந்துபோன கதை 2018-இல் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. நடந்த நிமிடங்களின் மொத்தத்தை ஊழியரே எழுதிக் கொடுத்தால் போதாதா? யாராவது பொய் எழுதிவிடுவார்கள் என்று நினைக்கலாம். எழுதட்டும். அதனால் யாருக்கும் கால் எலும்பு விரிசல் விடாது.

அடுத்த போட்டிக்கான அறிவிப்பைத் தயார் செய்யும்போது, பரிசு பற்றிய பத்திக்கும் மேலே, முதல் வரியாக இதைச் சேருங்கள்: "இதயம், ரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள், மூட்டுவலி உள்ளவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சேரவும். சேரவில்லை என்றால் யாரும் காரணம் கேட்கமாட்டோம்."

அன்புடன்,
ஒரு பிசியோதெரபிஸ்ட்
சென்னை