பண்ணையாள் முறை 1948இல் முடியவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, 1948இல் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் வந்ததோடு பண்ணையடிமை முறையும் முடிந்துபோனதாகச் சொல்கிறது. தஞ்சாவூர்ப் பகுதிக்கு இது பொருந்தாது. நிலக்காரரின் பண்ணையில் அடிமைபோல் கட்டுண்டு உழைத்த பண்ணையாள் ஒருவரின் வீட்டில் பிறந்தவள் நான்.

அந்தச் சட்டம் ஜமீன், இனாம் கிராமங்களுக்கானது. எங்கள் பக்கம் பெரும்பாலும் ரயத்துவாரி, அதாவது ஜமீன்தார் நடுவில் இல்லாமல் நிலக்காரரே அரசுக்கு நேராக வரி கட்டும் முறை. நிலம் மிராசுதார் எனப்படும் பெரிய நிலக்காரர் பெயரில் பட்டாவாகவே இருந்தது. அந்த ஆண்டு எங்கள் தெருவில் எதுவும் மாறவில்லை என்றுதான் அப்பா சொல்வார். ஏர் ஓட்டுவது, மடை பார்ப்பது, அறுப்புக் காலத்தில் ராத்திரி களத்துக் காவல் எல்லாம் அவர் தலையில். அம்மாவுக்கு முதலில் மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளும் வேலை, அப்புறம் நடவு, களை. கூலி மரக்கால் கணக்கில் நெல். குடிசை நின்ற மனை மிராசுதாருடையது. பண்ணை வேலையை விட்டால் மனையையும் விட வேண்டும். இந்த மனையை வைத்துத்தான் தலைமுறை தலைமுறையாக ஆளைக் கட்டிப்போட்டார்கள்.

பண்ணையாட்களுக்குத் தண்டனையாகக் கொடுத்த சவுக்கடியும், சாணியைக் கரைத்துக் குடிக்க வைத்த சாணிப்பாலும் நின்றதற்குக் காரணம் 1940களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் கட்டிய விவசாயிகள் சங்கம். பண்ணையாளை நினைத்தபடி நீக்கக் கூடாது என்று முதலில் சொன்னது, ராஜாஜி ஆட்சியில் வந்த 1952 பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். அதுவும் ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு (6⅔ ஏக்கர்) மேல் வைத்திருந்த நிலக்காரர்களுக்குத்தான். பலர் பண்ணையாட்களின் கணக்கைத் தீர்த்துவிட்டு, அதே ஆட்களைத் தினக்கூலிக்குக் கூப்பிட்டார்கள். அப்பாவும் அப்படித்தான் கூலியாள் ஆனார். மனை மட்டும் கைக்கு வரவில்லை. கூலியை உயர்த்திக் கேட்டால், "குடிசையைப் பிரிச்சுக்கிட்டுப் போ" என்பார்கள். 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்ததும் கூலிப் போராட்டத்தின் நடுவில்தான்.

குடியிருந்த மனையை உழைப்பவருக்கே சொந்தமாக்கிய சட்டம் 1971இல் வந்தது. என்னைக் கேட்டால் பண்ணையாள் முறையின் பிடி உண்மையில் தளர்ந்தது அதற்குப் பிறகுதான். எங்கள் தெருவில் சில குடும்பங்கள் பட்டாவில் பெயர் மாற்ற இன்னும் அலைகின்றன.

கட்டுரையில் உள்ள பிழையைத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். பண்ணையாளாக வேலை பார்த்தவர்கள் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே உங்கள் செய்தியாளர் ஒருவரை அனுப்பி, அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மன்னார்குடி வட்டம்