ஹெரால்டும் கடல் காற்றும்

திருவான்மியூர்

அன்புள்ள சேது,

முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று தங்கச்சி போனில் சொன்னாள். பிசியோதெரபிக்கு டிமிக்கி கொடுக்கிறாயாமே, வந்து உதைப்பேன்.

அப்பாவின் ஹெரால்டு காரைப் பற்றிக் கேட்டிருந்தாய். பாடியைத் தனியாகத் தூக்கிவிட்டோம், ஆறு பேர் பிடித்து. அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் இது நடக்காது. அவற்றுக்குப் பாடிதான் சேசிஸ், வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம். ஹெரால்டில் தனிச் சேசிஸ், மேலே பாடியை வைத்து போல்ட் போட்டிருப்பார்கள். 1961-இலிருந்து ஸ்டாண்டர்டு கம்பெனி நம் சென்னையிலேயே செய்த வண்டி. கடல் காற்று அதற்குப் புதிதில்லை என்று மெத்தனமாக இருந்துவிட்டேன்.

சேசிஸில் வெளியே பெயிண்ட் அப்படியே இருந்தது. சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். நடுத்தண்டு முழுக்க ணங் ணங். பின்சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்ததும் தொப்பென்று ஒரு சத்தம். ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் கைப்பிடி வரை உள்ளே போகிறது! கொட்டிய துரு ஒரு பொரியல் கிண்ணம் நிறைய வந்தது, மிக்சரில் கிடக்கும் கார்ன்ஃப்ளேக்ஸ் மாதிரி அடுக்கடுக்காக. தண்ணீர் வடிய விட்ட ஓட்டைகளைச் சேறு அடைத்திருக்கிறது. உப்பும் ஈரமும் உள்ளேயே தங்கி, பெட்டிக் குழாயை உள்ளிருந்தே தின்றிருக்கின்றன. சைக்கிள் போக்ஸ் கம்பியை விட்டு எல்லா ஓட்டையையும் குத்தித் திறந்தேன்.

அரித்த இடத்தை வெட்டிப் புதுத் தகடு வைத்தாயிற்று. டிங்கர் பட்டிப் பசை போட்டு மூடிவிடலாம் என்றார். சேசிஸிலா பட்டி? சண்டையே வந்துவிட்டது.

அடுத்த தப்பு என்னுடையது. ஐப்பசியில் சாண்ட் பிளாஸ்டிங் செய்து, அதாவது மணலைப் பீய்ச்சித் துருவையெல்லாம் எடுத்து, பிரைமரைக் காலையில் அடிக்கலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டேன். விடிந்து பார்த்தால் வெள்ளி மாதிரி இருந்த இரும்பு முழுக்க மஞ்சள் பூசிக் குளித்திருக்கிறது. இந்த ஊரில் பிளாஸ்டிங் முடிந்த சில மணி நேரத்துக்குள் எபாக்சி பிரைமர் ஏறிவிட வேண்டும். மறுபடி காசு கொடுத்து எல்லாம் முதலிலிருந்து. இந்தத் தடவை பிளாஸ்டிங்குக்கு முன்னால் நல்ல தண்ணீரில் கழுவிக் காய வைத்தேன். எங்கள் தெரு போர் தண்ணீரே உப்பு, அதில் கழுவுவதற்குச் சும்மா இருக்கலாம்.

கீழே கறுப்புத் தார்ப்பூச்சு அடிக்கச் சொல்கிறார்கள். எனக்கு மனசில்லை. அது எங்கேயாவது விரிசல் விட்டால் தண்ணீர் அதற்கும் இரும்புக்கும் நடுவே குடியேறிவிடும், கண்ணுக்கும் தெரியாது. பெயிண்ட் நன்றாகக் காய்ந்ததும் குழாய்களுக்குள் மெழுகு மருந்தை நீள டியூப் விட்டு அடிக்கப்போகிறேன். நம் பழைய மெக்கானிக்குகள் கழிவு ஆயிலை ஊற்றுவார்களே, யோசனை அதேதான். ஆனால் ஆயில் வழிந்து போய்விடும், மெழுகு ஒட்டிக்கொண்டு நிற்கும்.

மழை விட்டு, தை பிறந்ததும் பாடியை ஏற்றலாம் என்றிருக்கிறேன். தூக்குவதற்கு ஆள் இருக்கிறது. நீ நாற்காலி போட்டு உட்கார்ந்து அதட்டினால் போதும். டிக்கெட் போட்டுவிட்டுச் சொல். ஒரு கிலோ மைசூர்பாகும் வாங்கி வா, டிங்கரைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
ரகு