தெரு வரைபடத்தில் இருக்கும்போதே பேசுவோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பெங்களூர் அல்சூரில் எங்கள் பாத்திரக்கடை இருக்கும் தெருவை மேம்படுத்துவதற்கான வரைபடம் தயாராகி வருகிறது. வேலை நடக்கும்போது கடைக்கு எப்படி வருவது என்று பலர் கேட்கிறீர்கள். அதைவிட அவசரமானது, தெரு எப்படி அமைய வேண்டும் என்று நீங்கள் சொல்ல வேண்டிய காலம் இதுதான் என்பது. டெண்டர் விட்டு, ஜல்லி கொட்டிய பிறகு சொல்லும் குறை எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், ‘எஸ்டிமேட்டில் இல்லை’ என்ற பதிலோடு நின்றுவிடும்.

கருத்துக் கேட்கும் இடங்களில் கடைக்காரர்களின் குரலே ஓங்கி ஒலிக்கிறது. நாங்கள் கேட்பதும் பெரும்பாலும் பார்க்கிங்தான். அது தேவைதான். ஆனால் உங்களில் மிகுதியானோர் நடந்தோ, பஸ்ஸிலோ, மெட்ரோவிலோ வருகிறவர்கள். சீர்வரிசைப் பாத்திரங்களை இரு கையிலும் தூக்கிக்கொண்டு வெளியே வரும் அம்மாக்கள், உடைந்து கிடக்கும் சாக்கடைப் பலகையைத் தாண்டி, டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றி, வண்டிகளுக்கு நடுவே இறங்கித்தான் போகிறார்கள். நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும், அதன் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது, சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல். நம் தெருவின் எந்தெந்த இடத்தில் இந்த அளவுகள் மீறப்படுகின்றன என்பதை அன்றாடம் நடக்கும் உங்களைவிட நன்றாக அறிந்தவர் எவருமில்லை. எதிரே பூ விற்கும் பெண்களுக்கும் வரைபடத்தில் இடம் வேண்டும் என்றே நாங்கள் எழுதிக் கொடுக்கப்போகிறோம். 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு அந்த உரிமையைத் தந்திருக்கிறது.

மண்ணுக்கு அடியில் இருப்பதையும் கேட்க வேண்டும். இந்நகரில் டெண்டர்ஷ்யூர் என்னும் சாலை அமைப்புத் திட்டத்தின்படி போடப்பட்ட ரெசிடென்சி சாலை போன்றவற்றில், குடிநீர், கழிவுநீர், மின்சாரம், கேபிள் ஆகிய அனைத்துக்கும் முதலிலேயே தனித்தனி வழி வைத்ததன் நோக்கம், போட்ட சாலையை மறுபடி மறுபடி தோண்டாமல் இருப்பதுதான். இங்கும் அப்படிச் செய்வார்களா என்பது எங்கள் முதல் கேள்வி.

நாம் சொல்லி என்ன ஆகும் என்று தயங்க வேண்டாம். பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து ஹெப்பாள் வரை திட்டமிடப்பட்ட இரும்பு மேம்பாலத்துக்கு எதிராக 2016 அக்டோபரில் மக்கள் கைகோத்து நின்றார்கள். 2017 மார்ச்சில் அரசு அதைக் கைவிட்டது. 2020 செப்டம்பரில் மாமன்றத்தின் காலம் முடிந்தபின் பல ஆண்டுகள் கவுன்சிலர்களே இல்லாமல் இருந்த நகரம் இது. அதனால், நேரில் போய்ப் பேசுவதும் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குவதும் இங்கு இன்னும் முக்கியமாகின்றன.

அறிவிப்புகள் கன்னடத்தில் வருவதால் நம்மவர்கள் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். உங்கள் கருத்தைத் தமிழில் சொன்னால் போதும்; கன்னடத்தில் மனுவாக எழுதி, உங்கள் கையொப்பம் பெற்று, மாநகராட்சி அலுவலகத்தில் நாங்களே சேர்ப்பிக்கிறோம். இதற்குக் கட்டணம் எதுவுமில்லை, எங்களிடம் பொருள் வாங்கியிருக்க வேண்டியதுமில்லை. வரைபடத்தின் நகல் கிடைத்தவுடன் கல்லாவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவைப்போம். ஒருவேளை எங்கள் கடை வாசலின் பார்க்கிங்கைக் குறைத்து நடைபாதையை அகலமாக்கச் சொல்லி நீங்கள் எழுதினாலும், அந்த மனுவையும் அப்படியே கொண்டுபோய்க் கொடுப்போம்.

தெருவைத் தோண்டும் காலத்தில் கனமான பாத்திரங்களை அல்சூர் சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம்.

இப்படிக்கு,
கடை நிர்வாகத்தினர்