ஏற்றிய நாயை எங்கே இறக்குவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடற்ற நாய்களை மீட்கும் தன்னார்வலர்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பாராட்டு தகும். ஆனால் நாயை வண்டியில் ஏற்றியதோடு மீட்பு முடிந்துவிடுவதுபோல் கட்டுரை அமைந்திருந்தது. இத்தகைய குழு ஒன்றுக்காக ஆறு ஆண்டுகளாக என் வீட்டில் நாய்களைத் தற்காலிகமாக வைத்துப் பராமரித்து வருகிறேன். ஏற்றிய நாயை எங்கே இறக்குவது என்பதுதான் எங்கள் அன்றாடச் சிக்கல்.

காப்பகம் இருக்கிறதே என்பார்கள். தடுப்பூசி போட்டு முடியாத குட்டியை நேராக அங்கே விட முடியாது. கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கிக் குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் தொற்றிய குட்டி சில நாட்கள், சில சமயம் 14 நாட்கள் வரைகூட, நோயின் சாயலே இல்லாமல் துள்ளி விளையாடும். வயிற்றுப்போக்கு தொடங்குவதற்கு முன்பே அதன் மலத்தில் கிருமி வெளியேறத் தொடங்கிவிடும். அந்தக் கிருமியோ மண்ணில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். ஆகவே புதிதாக வரும் குட்டியை இரண்டு வாரமாவது தனியே வைக்க வேண்டியிருக்கிறது. 6 முதல் 8 வார வயதில் தொடங்கும் தடுப்பூசிகளோ 16 வாரம் வரை நீள்கின்றன. குட்டி மனிதர்களோடு பழகக் கற்கும் பருவமும் ஏறக்குறைய 3 முதல் 14 வாரம் வரைதான் என்பதால், தனிமைக்காக அதைக் கூண்டிலேயே அடைத்துவைத்தால் நோய்க்குத் தப்பிய நாய் ஆளைக் கண்டாலே பதுங்கும் நாயாகிவிடும். வேறு நாய்கள் இல்லாமல், மிக்சி ஓடும் சத்தமும் பிள்ளைகள் நடமாட்டமும் உள்ள சாதாரண வீடு இந்த இரண்டு தேவைகளையும் ஒருசேரத் தீர்க்கிறது. (பார்வோ வந்துபோன வீட்டில் தடுப்பூசி முடியாத குட்டியை நெடுங்காலம் வைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

வளர்ந்த நாய்களுக்கும் வீடு தேவைதான். என்னிடம் வந்த ஒரு பெண் நாய் முதல் மூன்று நாள் குளியலறை மூலையை விட்டு அசையவில்லை. விளக்கை அணைத்த பிறகே சாப்பிட்டது. நான்காம் நாள் வாலின் நுனி மட்டும் ஆடியது. நான் துடைப்பத்தை எடுத்தால் நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிடும். கூண்டு வரிசையில் இது யார் கண்ணிலும் பட்டிருக்காது. தத்தெடுத்த குடும்பத்திடம் இதை முன்னதாகவே சொல்லியிருந்ததால் அந்த நாய் திரும்பி வரவில்லை.

"பழகிவிட்டால் பிரிய மனம் வராதே" என்று பலர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். எனக்கும் வருவதில்லை, ஒவ்வொரு முறையும் அழுதிருக்கிறேன். ஆனால் முதல் நாயை நானே வைத்துக்கொண்டிருந்தால் அடுத்து வந்தவற்றுக்கு இடம் இருந்திருக்காது. உண்மையில் என்னைச் சோர்வடையச் செய்வது பிரிவல்ல, "இங்கே ஒரு நாய் கிடக்கிறது, வந்து எடுத்துப் போங்கள்" என்று சொல்லிவிட்டு, "இரண்டு நாள் உங்களிடம் வைத்திருக்க முடியுமா?" என்று கேட்டதும் துண்டிக்கப்படும் தொலைபேசி அழைப்புகள்தான். எங்கள் குழுவில் மருத்துவச் செலவும் உணவும் குழுவின் பொறுப்பு. பராமரிப்பவர் தர வேண்டியவை இடமும் நேரமும் மட்டுமே.

இனி இதுபோன்ற கட்டுரை வெளியிடும்போது, நாயை வீட்டில் வைக்க இயலாதவர்கள்கூட மருத்துவரிடம் கொண்டுசெல்ல வண்டி ஓட்டலாம், பராமரிப்பவர் வெளியூர் செல்லும் இரண்டு நாட்களுக்குப் பொறுப்பேற்கலாம் என்பதையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி